இது யார் வீடு

கொச்சிக்கடையில், துறைமுக மதிலுக்கு எதிரே, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டியது என்று சொல்லப்படும் ஒரு பண்டகசாலையின் மேல்மாடியில்தான் எங்கள் கப்பல் முகவர் கம்பனி இருந்தது. ஒல்லாந்தர் கட்டினார்களோ என்னவோ, அவர்கள் போன பிறகு யாரும் அதைக் கூட்டியதாகத் தெரியவில்லை. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் ஒரு காலையில், கருவாடும் டீசலும் கலந்து நாறிய அந்த மரப்படிகளில் ஏறி, கணினிப் பகுதியின் பயிற்சி ஊழியனாக நான் வேலைக்குச் சேர்ந்தேன். வயர் உள்ள எதுவும் என் பொறுப்பு என்றார்கள். மின்விசிறி உட்பட.

வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் எங்களைப் போன்றவர்களின் சட்டைப் பைகள் வீங்கியிருந்தன. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கம்பனிக் கடிதம். நான் சேந்தன்தான் என்பதற்கு என்னிடம் இருந்த சான்றுகளைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

முகாமையாளர் கதிர்காமநாதன் ஒரு கறுப்பு மடிக்கணினியை என் மேசையில் வைத்தார்.

"இது முந்தி இராமர் எண்டு ஒரு பெடியன் பாவிச்சது. விலகிப் போயிட்டான். இனி நீர் பாவியும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

மேசைக்கடியில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து இருந்தது. பளபளவென்று துடைத்து, காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்து, யாரோ ஐந்து நிமிடத்தில் வந்து போட்டுக்கொள்ளப் போகிறவர் போல விட்டுச் சென்றிருந்தார். அதைத் தள்ளிவைக்கக் குனிந்தேன்.

"அதுல கை வெக்காதீங்க" என்றார் பக்கத்து மேசை பஹ்மியா. கணக்குப் பகுதி. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் கை வைக்கவில்லை. முதல் நாளே ஒருவருடைய சப்பாத்துக்காகச் சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த மடிக்கணினியில் எனக்கு உடனே பிடித்த ஒன்று இருந்தது. கம்பனி வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் நிலையான ஓர் இலக்கம் உண்டு. அதைத் தவறாமல் கொடுத்தால்தான் உள்ளே விடும். வீட்டு இணைப்புக்கு அந்த இலக்கத்தைக் கொடுத்தால் எதுவும் வேலை செய்யாது. அங்கே கணினி தானாகவே இலக்கம் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே காலையும் மாலையும் பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துபோய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இந்த இராமர் அந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டியிருந்தார். திரையில் இரண்டே பொத்தான்கள்: 'வேலை', 'வீடு'. அழுத்தினால் ஒரு கறுப்புச் சாளரம் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடும். எல்லாம் மாறியிருக்கும்.

கொழும்பில் ஒரு தமிழன் தன்னை மாற்றிக்கொள்ள இதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். ஒழுங்கைக்குள் 'ஓம்', பஸ்ஸில் சிங்களத்தில் 'அய்யே', சோதனைச் சாவடியில் 'ஓவ் சேர்', கம்பனியில் 'யெஸ்'. எனக்கும் யாராவது ஒரு பொத்தான் செய்து தந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அன்று மாலை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் முத்துலிங்கம் ஐயா வீட்டுப் பின்னறையில், அதாவது என் வாடகை அறையில், கம்பியைச் செருகி 'வீடு' என்பதை அழுத்தினேன்.

கறுப்புச் சாளரம் திறந்தது. வெள்ளை எழுத்து வரிகள் ஓடின.

மூடவில்லை.

கீழே, தனியாக, ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் வந்து நின்றது. வந்துட்டேன்.

பிறகு மூடிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் குறும்புக்காரன் போல என்று நினைத்தேன். நானென்றால் 'வந்திட்டன்' என்றுதான் எழுதியிருப்பேன். இது மலைநாட்டுப் பேச்சு. மறுநாள் காலை 'வேலை'யை அழுத்தியபோது 'போயிட்டு வர்றேன்' என்றது. "போயிட்டு வாங்கோ" என்றேன். தனியாக இருப்பவனுக்கு வீட்டில் ஒரு குரல் நல்லதுதானே.

பகல் சாப்பாட்டின்போது இதைப் பஹ்மியாவிடம் ஒரு பகிடியாகச் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்பிடியெல்லாம் அது எழுதாது. நான் எத்தின நாள் பக்கத்துல இருந்து பாத்தீக்கிறேன். சும்மா தொறந்து மூடும், அவ்வளவுதான்."

"விலக முந்திப் புதுசாச் சேர்த்திருப்பார்."

"அவரு விலகல்ல." குரல் இறங்கியது. "அண்டைக்குச் சரியான மழ. சப்பாத்து நனஞ்சிரும் எண்டு கழட்டி வெச்சாரு. லப்டொப்பும் நனஞ்சிரும் எண்டு மேசையிலயே விட்டாரு. பாட்டாச் செருப்பப் போட்டுக்கிட்டு எறங்கிப் போனாரு. கொட்டாஞ்சேனையில ரூம், நடந்தே போயிரலாம்."

"பிறகு?"

"போய்ச் சேரல்ல."

நான் ஒரே ஒரு சொல்லை மெதுவாகக் கேட்டேன். "வானா?" ஆட்களைத் தூக்கிப்போகும் வெள்ளை வானை அந்த நாட்களில் யாரும் முழுதாகப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

பஹ்மியா மின்விசிறியைப் பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியைப் பார்க்கப் பலரும் பழகியிருந்தார்கள்.

"ஒவ்வொரு நாளும் எறங்க முந்தி 'வீடு' எண்டத அமுத்திட்டுத்தான் மூடுவாரு" என்றார் பிறகு. "அண்டைக்கு அமுத்தல்ல. வேலையிலேயே நிண்டிச்சு."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பொத்தானின் கோப்பைத் திறந்து வாசித்தேன். இலக்கங்களை மாற்றும் கட்டளைகள் மட்டும் இருந்தன. 'வந்துட்டேன்' என்று எங்கும் இல்லை.

கணினிப் பகுதி ஊழியன் இப்படிப்பட்ட நேரங்களில் செய்வதைத்தான் நானும் செய்தேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

வெளியே தண்டவாளத்தில் ரயில் கடந்து போனது. சாளரக் கண்ணாடி நடுங்கி ஓய்ந்தது. 'வீடு' என்பதை அழுத்தினேன்.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரத் துணியின் வாசனை. மழையில் நனைந்த சட்டையைக் காயப்போடாமல் சுருட்டி வைத்தால் வருமே, அது. வாரக்கணக்கில் மழையே இல்லை. ஒழுங்கைப் புழுதி கடல் வரைக்கும் பறந்துகொண்டிருந்தது.

பிறகு சத்தம். எனக்குப் பின்னால், சிமெந்துத் தரையில், துளித்துளியாக.

கறுப்புச் சாளரம் திறந்தே இருந்தது. வரி மெதுவாக வந்தது, ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பதுபோல.

இது யார் வீடு

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இது பயம் அல்ல. கழுத்து ஒத்துழைக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. நாற்காலியோடு சேர்த்துத் துள்ளினேன். முத்துலிங்கம் ஐயா.

"தம்பி, கறண்ட் பில் கூடுது எண்டு அந்த இன்ரநெற் பெட்டியை நான் பின்னேரமே நிப்பாட்டிப் போட்டன். உமக்கு அவசரமே?"

திரையின் மூலையில் இணைப்புச் சின்னம் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தது.

"இல்லை ஐயா" என்றேன். "அவசரமில்லை."

அடுத்த நாள் மாலை ஒரு முடிவோடு அறைக்கு வந்தேன். இனி 'வீடு' பக்கம் போவதில்லை. இன்ரநெற் இல்லாவிட்டால் இல்லை. மனிதன் அதற்கு முன்பும் வாழ்ந்தான். கணினி 'வேலை'யில் நிற்கட்டும். பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்த வகுப்புக்கான கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

மூலையிலிருந்து ஒரு மஞ்சள் குமிழி எழுந்தது. கணினிப் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே இலக்கத்தை இரண்டு கணினிகள் எடுத்துக்கொண்டால் வரும் அறிவித்தல். இந்த முகவரியை இதே வலையமைப்பில் இன்னொருவரும் பயன்படுத்துகிறார், முரண்பாடு உள்ளது என்று சொல்லும்.

அலுவலகத்தில் வந்தால் சாதாரணம். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கணினி.

பழக்கத்தில் செருகியிருந்த கம்பியைப் பிடுங்கினேன்.

குமிழி மறைந்தது.

திரும்ப வந்தது.

எனக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி முனகியது. யாரோ களைத்துப்போய் உட்காரும் முனகல். ஈர வாசனை என் பிடரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஒரு விடயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆள் என்னைப் பயமுறுத்த வரவில்லை. 'வேலை'யில் நின்றுபோன மனிதரை நான் தூக்கிக்கொண்டு வந்து, வெள்ளவத்தையில் வைத்து, நாளாந்தம் 'வீடு' என்று அழுத்திக்கொண்டிருக்கிறேன். யாராக இருந்தாலும் கேட்பார்கள்தானே.

"அண்ணை" என்றேன், திரையைப் பார்த்தபடியே. என் குரல் பத்து வயதுக்குப் போயிருந்தது. "இது வெள்ளவத்தை. நீங்கள் மாறி வந்திட்டீங்கள். நான்தான் மாத்திக் கொண்டுவந்தனான்."

துளி விழும் சத்தம் நின்றது.

"நாளைக்குக் கொண்டுபோய் விடுறன்."

நாற்காலி ஒருமுறை முனகி எழுந்தது.

காலையில் பஹ்மியாவிடம் இராமரின் விலாசம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எழுதித் தந்துவிட்டு, "வீட்டுக்காரி மாக்ரெட் அன்ரி நல்லம். ஆனா வாய் பொல்லாது" என்றார்.

அன்றுதான் கதிர்காமநாதன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மெஷினை முழுக்கத் துடைச்சுப் போட்டுப் புதுசா ஏத்தும். அவன்ரை பேர் ஒண்டும் அதுக்குள்ள இருக்கக் கூடாது. அந்தச் சப்பாத்தையும் எறியும்."

"ஏன் சேர்?"

"பொலிஸ் கேட்டவை. அவன் தானாத்தான் விலகினவன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். இனி அந்தப் பெட்டி இருந்தால் அவன்ரை சிநேகிதன் ஆரெண்டு கேப்பினம். அதைத் தூக்கிக்கொண்டு திரியிறது நீர். விளங்கிச்சோ?"

விளங்கியது. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இந்த ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி எங்கள் ஒழுங்கையை விட ஒடுக்கமானது.

"நாளைக்குச் செய்யிறன் சேர்" என்றேன்.

மாலை, மடிக்கணினியை இராமருடைய பழைய பையிலேயே போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். சாவடியில் என் வயதுச் சிப்பாய் ஒருவன் பையைத் திறக்கச் சொன்னான். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான்.

"யாளுவெக்கே" என்றேன். சிநேகிதன் ஒருவனுடையது.

வாழ்நாளில் நான் சந்தித்தே இராத சிநேகிதன். ஆனால் பொய் சொன்னதுபோல் இல்லை. சிப்பாய் பையைத் தூக்கிப் பார்த்து, "ஏன் நனைந்திருக்கிறது?" என்றான். பையின் அடியிலிருந்து அவன் பூட்ஸில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தண்ணீர்ப் போத்தல், சேர்" என்றேன். என்னிடம் போத்தல் இருக்கவில்லை.

மாக்ரெட் அன்ரியின் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில் கடைசி. நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. அறுபது வயது, பூப்போட்ட கவுண், கழுத்தில் அந்தோனியார் பதக்கம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; பையைப் பார்த்தார்.

"பைய மட்டும் கொண்டாந்திருக்க. ஆள் எங்க?"

"அதைத்தான் அன்ரி நானும் கேக்க வந்தனான்."

நான் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. ஈர வாசனை, நாற்காலி, 'இது யார் வீடு', எல்லாம். சிரிக்கவும் இல்லை, சிலுவை போடவும் இல்லை.

"அவன் ரூம்ல அந்த இன்டர்நெட் பெட்டி இருக்கு" என்றார். "கொஞ்ச நாளா பொழுதுபட்டா லைட்டு மினுங்குது. மினுங்கிட்டு நிக்குது. கதவத் தட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி. பாவி, நீதான் அவன வெள்ளவத்தைக்கு இழுத்துக்கிட்டுப் போனியா?"

"தெரியாமல், அன்ரி."

"சரி, உள்ள வா. நல்ல நேரத்துலதான் வந்திருக்க. இப்ப சார்ஜன்ட் வருவான்."

என் கால் வாசலிலேயே நின்றது. அவர் என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கையெழுத்துக் கேக்கிறான். பொடியன் ரூமக் காலி பண்ணிட்டு, சொல்லிட்டுப் போனான் எண்டு நான் வெக்கணுமாம். உங்க கம்பனிக்காரன் வெச்சுட்டானாம். நானும் வெச்சா முடிஞ்சிச்சு. காணாமப் போனவன் இல்ல, வேற எடத்துக்குப் போனவன். பொறகு ஒருத்தனும் தேட மாட்டான். அவன் அம்மா அங்கம்மா ஹட்டன்லேருந்து வந்து அந்தக் கதிரையிலதான் உக்காந்திருந்தா. அவ மொகத்தப் பாத்துட்டு நான் வெப்பனா?"

"உங்களுக்குப் பயமில்லையா?"

"ஏன் இல்ல? இருக்கு. பயம் இருந்தா கையெழுத்து வெக்கணும் எண்டு சட்டம் இருக்கா?"

சப்பாத்தைக் கழற்றி, வாசலில் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இராமரின் அறை சின்னது. கட்டில், ஆணியில் ஒரு சட்டை, மேசை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மடிக்கணினியை மேசையில் வைத்து, அங்கே கிடந்த கம்பியைச் செருகினேன். அது எத்தனையோ மாதங்களாக அதே இடத்தில், அதே வளைவோடு காத்திருந்ததுபோல் போய்ப் பொருந்தியது.

வெளியே பூட்ஸ் சத்தம்.

சார்ஜன்ட் பருத்தவர், களைத்தவர். கூட ஒரு கான்ஸ்டபிள். முன்னறையில் நின்றபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கீதெனெக் இன்னவத?"

வீட்டில் எத்தனை பேர்.

"துன்தெனய்" என்றார் மாக்ரெட் அன்ரி. மூன்று பேர்.

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மே, இரண்டுதானே இருக்கிறது."

"மூணாவது ஆள் இராமர். இப்பத்தான் வேலையிலேருந்து வர்றான்."

"அந்தப் பையன் போனது. அம்மா இங்கே சைன் வைக்கிறது, நாங்கள் போகிறது. எல்லாருக்கும் சுகம்."

அவர் தாளை மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்து, மரியாதையாகவே, அன்ரி பக்கம் நீட்டினார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் விலாசம், ஊர், பிறந்த இடம் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்துபோயின.

மாக்ரெட் அன்ரி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"வெக்க மாட்டேன்."

சார்ஜன்ட்டின் முகத்தில் களைப்பு போய் வேறொன்று வந்தது. அந்த நேரத்தில் நான் செய்ததற்கு வீரம் என்று பெயர் வைக்க வேண்டாம். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் நடுக்கம் வெளியே தெரிந்துவிடும் என்று பட்டது.

மேசைக்குப் போய், 'வீடு' என்பதை அழுத்தினேன்.

கறுப்புச் சாளரம் திறந்தது.

பெட்டியின் பச்சை விளக்கு மினுங்கியது. மினுங்கியது. நின்று எரிந்தது.

ஈர வாசனை வந்தது. இந்த முறை முன்னறை வழியாக வந்தது. சார்ஜன்ட் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார். கான்ஸ்டபிள் ஓரடி விலகி வழிவிட்டான். யாருக்கு விட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வந்துட்டேன்

கட்டில் முனகியது. சுருக்கமில்லாத விரிப்பின் நடுவில் மெதுவாக ஒரு பள்ளம் இறங்கியது.

சார்ஜன்ட் அறை வாசலுக்கு வந்தார். கட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, இருபது வருட உத்தியோகப் பழக்கத்தில் போலும், பெயர் கூப்பிட்டார்.

"இராமர்?"

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

இருக்கேன்

"என்ன சொல்கிறது?" சார்ஜன்ட் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்ததைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"இன்னவா கியலா, ராளஹாமி" என்றேன். இருக்கிறாராம், ஐயா.

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

சார்ஜன்ட் தாளை மடித்தார். பேனாவை மூட மறந்து சட்டைப் பையில் வைத்தார். மை நீலமாகப் பரவியது. "துன்தெனய்" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். "மூன்று பேர் என்று போடு." வாசலில் ஒரு கணம் நின்று, எதையோ மிதிக்காமல் காலை உயர்த்தித் தாண்டிப் போனார்.

மாக்ரெட் அன்ரி போய்ப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் சப்பாத்துக்கும் அவர் செருப்புக்கும் நடுவில் ஒரு சோடி பாட்டா இருந்தது. ஒரு வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. வீட்டைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

"அந்த ஊக்கு நான் குத்தினது" என்றார். "அண்டைக்குக் காலையில, மழ வரும் எண்டு குடுத்து விட்டேன்."

அழுவார் என்று நினைத்தேன். எழுந்து, கவுணின் நுனியால் முகத்தைத் துடைத்து, "சோறு போடணும்" என்று உள்ளே போனார்.

மடிக்கணினியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கதிர்காமநாதன் கேட்டார். "மெஷின் எங்கை?"

"வீட்டிலை, சேர்."

"ஆற்றை வீட்டிலை?"

"இராமற்றை வீட்டிலை. துடைக்கேல்லை. துடைக்கவும் மாட்டன்."

அவர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "நாளையிலிருந்து வராதையும்" என்றார்.

என் தொழில்வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஒரு வாரம் கூட நிற்கவில்லை. பஹ்மியா தன் பிஸ்கட் பக்கற்றை முழுதாக என் கையில் வைத்தார்.

அன்று மாலை வெள்ளவத்தை அறையில் தொலைபேசி அடித்தது. கதிர்காமநாதன். ஹெவ்லொக் டவுனில் அவர் வீட்டிலிருந்து.

"என்ரை லப்டொப்பிலை நீர் என்ன செய்தனீர்?"

"நான் உங்கடை லப்டொப்பைத் தொட்டதே இல்லை, சேர்."

"ரெண்டு பொத்தான் வந்து கிடக்கு. 'வேலை', 'வீடு' எண்டு. அழிச்சன். திரும்ப வந்திட்டுது. மஞ்சளா ஒண்டு எழும்பி எழும்பி, இந்த முகவரியை இன்னொராள் பாவிக்குது எண்டு சொல்லுது. தம்பி, இந்த வீட்டிலை நான் தனிய."

அவர் குரலுக்குப் பின்னால் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. துளித்துளியாக.

"அங்கை மழையோ, சேர்?"

மூச்சு மட்டும் கேட்டது.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது?" என்றார் கடைசியில். சார்ஜன்ட் மாதிரியே கிசுகிசுத்தார்.

"ஒரே இலக்கத்தை ரெண்டு இடத்திலை எழுதி வைச்சிருந்தால்தான் அந்தக் குமிழி வரும், சேர். அவரையும் இப்ப ரெண்டு விதமா எழுதிக் கிடக்கு, ஒண்டு பிழை. அவர் விலகேல்லை எண்டு எழுதிக் குடுங்கோ."

"என்னைக் கேப்பினமடா."

"கேக்கட்டும். மாக்ரெட் அன்ரியைக் கேக்கேல்லையே?"

வைத்துவிட்டார்.

மறுநாள் காலை என்னை எழுப்பியது மாக்ரெட் அன்ரியின் தொலைபேசி அழைப்பு. "மகன், செருப்பு வாசல்ல இல்ல" என்றார். "நாய் தூக்கிட்டுப் போயிருக்குமா?"

"வேலைக்குப் போயிருப்பார், அன்ரி" என்றேன் பகிடியாக.

பகிடி வாயைவிட்டு வெளியே வந்த பிறகு எனக்கே குளிர்ந்தது. வேலை போனவன் வேலைக்கு வெளிக்கிட்டேன்.

பண்டகசாலையின் மரப்படிகளில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. மேலே ஏறும் தடங்கள் மட்டும். என் மேசைக்கு முன்னால் பஹ்மியா எழுந்து நின்றிருந்தார், பையைத் தோளிலிருந்து இறக்காமலே.

மேசைக்கடியில் பாட்டா இருந்தது. ஊக்கோடு. நனைந்து.

சப்பாத்து இல்லை.

"சேர் இன்னம் வரல்ல" என்றார் பஹ்மியா, மிக மெதுவாக.

முகாமையாளரின் மூடிய அறைக்குள் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். நன்றாகத் துடைத்த சப்பாத்தின் ஓசை. சுவரிலிருந்து சுவருக்கு. காத்திருப்பவரின் நடை.

எங்களுக்குப் பின்னால் படி முனகியது. கதிர்காமநாதன். முகம் வழிக்கவில்லை, சட்டை நேற்றையது. தரையில் இருந்த செருப்பைப் பார்த்தார். உள்ளே நடக்கும் ஓசையைக் கேட்டார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை.

பஹ்மியாவின் கதிரையில் பாரமாக உட்கார்ந்தார்.

"பிள்ளை, ரைப் பண்ணும்." அவர் முதல்முறையாக மின்விசிறியைப் பார்க்காமல் பேசினார். "இராமர் விலகேல்லை. அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இஞ்சை வேலை செய்தவர். வீட்டை போறன் எண்டு இறங்கினவர். போய்ச் சேரேல்லை. முந்திக் குடுத்த கடிதம் பிழை. அவரைத் தேட வேணும்."

பஹ்மியா நின்றபடியே அடித்தார். கதிர்காமநாதன் கையெழுத்து வைத்தார்.

உள்ளே நடை நின்றது.

அன்று பகல் அவர் அந்தக் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். என் வேலை போனது பற்றி யாரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாலை எல்லோரும் இறங்கிய பிறகு மாக்ரெட் அன்ரி அழைத்தார்.

"செருப்பு வந்திட்டுது" என்றார். "நனஞ்சுதான் இருக்கு. துடைச்சு வெச்சிருக்கேன்."

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். கறுப்புச் சப்பாத்து தன் இடத்தில் இருந்தது. பளபளவென்று, காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்தபடி.

பஹ்மியா அங்கே இல்லை. முதல்முறையாகக் கை வைத்தேன்.

உள்ளே இன்னும் சூடாக இருந்தது.